விடு என்றால் அடி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் கிடக்கிற தோட்டத்துக் கீழ் டிவிசனில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். ஆனால் அங்கிருந்தவர்களுக்கு ஆடத் தெரிந்திருந்தது. அது யாருக்கும் பிரயோசனப்படவில்லை என்பது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் பின்னால் இருக்கிற அந்த மைதானத்தை எந்தத் தோட்டத்துத் துரை வெட்டத் தொடங்கினாரோ தெரியாது, பாதியில் டீசல் தீர்ந்திருக்க வேண்டும். மேல் பக்கம் மண்மேடு, கீழ்ப் பக்கம் ஓடை. நடுவில் புல் முளைத்த ஒரு சரிவு. அதன் இரண்டு முனையிலும் மூங்கிலை நட்டுக் கோல் என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே பந்தைக் காலால் அமுக்கி நிறுத்தலாம். அடிப்பதற்குக் காலைத் தூக்கினால் போதும், அது ஓடையைப் பார்த்துப் புறப்பட்டுவிடும். ஓடை சீதாவக்க ஆற்றுக்குப் போகிறது, ஆறு களனியில் விழுகிறது, களனி கொழும்புக்குப் போகிறது. கீழ் டிவிசனிலிருந்து பஸ் காசு கொடுக்காமல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது பந்துகள் மட்டும்தான்.

ஆகவே அங்கே யாரும் பந்தை நிறுத்துவதில்லை. வருகிற பந்தை வருகிற வேகத்திலேயே அடித்துவிட வேண்டும். முன்னால் நிற்கிறவன் கோலைப் பார்ப்பானா, பக்கவாட்டில் உருண்டு வருகிற பந்தைப் பார்ப்பானா? அதனால் பின்னால் நிற்கிறவன் அவனுக்காகப் பார்த்துச் சரியான நேரத்தில் ஒரு சத்தம் போடுவான். "விடு!"

தமிழ் லேசுப்பட்ட பாஷை இல்லை. 'விடு' என்றால் தொடாதே, போகட்டும் என்று அர்த்தம். அதே வாய், 'அவன் கன்னத்துல ஒண்ணு விடு' என்று சொன்னால் ஓங்கி அறையச் சொல்கிறது. உலகத்தில் பந்து விளையாடுகிற மற்றத் தமிழர்கள் எல்லாரும் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தன் 'விடு' என்றால், நீ தொடாதே, எனக்கு வரட்டும் என்று பொருள். கீழ் டிவிசன்காரர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். அங்கே விடு என்றால் அடி. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததுமில்லை.

கிருஷ்ணகுமாரின் வலது கால் அந்தச் சொல்லுக்குப் பழகிய கால். காதில் விழுந்த மறுகணம் கால் போய்விடும், புத்தி பின்னால்தான் வரும். அந்தச் சொல்லைச் சொல்லுகிறவன் எப்போதும் நிரோஷன். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். தெரணியகல, கித்துல்கல பக்கத்துத் தோட்டத்து டீம்களெல்லாம் இந்தச் சரிவுக்கு வந்து வாங்கிக்கட்டிக்கொண்டு போயிருக்கின்றன. நிரோஷன் கத்துவான், குமார் அடிப்பான், பந்து மூங்கிலுக்கு நடுவால் போகும்.

பிறகு ரப்பர் மரங்களுக்கு இலை நோய் வந்தது. மழை விட்ட நாளிலும் மரம் பால் தரவில்லை. கிழமையில் பாதி நாள், காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போய் நின்றுவிட்டு, வேலை இல்லை என்று கேட்டுத் திரும்பி வருவதே வேலையாகிப் போனது. நிரோஷன் புத்திசாலி. தெஹியோவிட்ட டவுனில் சாலி முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்குப் போய்ச் சேர்ந்து, கடைக்கு மேலேயே தங்கி, முதலாளியின் மகன் ஆஸிக்கோடு டவுன் கிளப்பில் முன்னால் நின்று விளையாடவும் தொடங்கினான். குமார் போகவில்லை. அவனுக்குக் கோகிலாவோடு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பால் வராத மரத்தைக் கீறிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடம் கழித்து, கலியாணமாகி கோகிலா வயிற்றில் பிள்ளையும் இருந்த நேரம், நிரோஷன்தான் குமாருக்குப் போன் எடுத்தான்.

"டேய் குமாரு, அவிசாவளயில ஒரு டயர் கம்பனி டீமுக்கு ட்ரயல் வைக்கிறாங்க. முன்னால வெளையாட ஆள் வேணுமாம். எடுத்தா கம்பனியில வேல, குவாட்டர்ஸ், எல்லாம் குடுக்குறாங்க. நானும் போறேன், நீயும் வர்ற."

"எனக்குப் பூட்ஸ் இல்லயேடா."

"ஆஸிக்கிட்ட பழைய சோடி இருக்கு. நீ கால மட்டும் கொண்டா."

இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கமாட்டார்களாம். குமாருக்கு அந்த வருடத்தோடு வயது முடிகிறது. அதாவது, இந்தத் தடவை இல்லையென்றால் எந்தத் தடவையும் இல்லை. இதை அவன் கோகிலாவிடம் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னான்.

"குவாட்டர்ஸ்னா தனி வீடாங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"தனி ரூம். குசினி வேற."

"கூரை ஒழுகாதுல்ல?"

"கம்பனி கூரை எப்படி ஒழுகும்?"

அவள் சிரித்தாள். அவர்களுடைய காம்பராவில் தொட்டில் கட்டக்கூடிய ஒரே வளைக்கு நேர் மேலேதான் தகரம் ஓட்டையாகியிருந்தது. பிள்ளை பிறப்பதற்குள் இந்த லயத்தை விட்டுப் போய்விட வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, மாரியம்மன் படத்தில் தொங்கவிட்டாள். குமார் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவிசாவளை மைதானம் தட்டையாக இருந்தது. குமாருக்கு முதலில் அதுவே பயமாக இருந்தது. பந்து ஒரு இடத்தில் நின்றது. யாரும் தொடாமலே நின்றது. ஆஸிக் கொடுத்த பூட்ஸ் ஒரு விரல் நீளம். நுனியில் பழைய துணி அடைத்துக்கொண்டான்.

கம்பனியின் கோச் ஒரு சிங்கள மனிதர். தூறலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, கட்டையாக, அமைதியாக நின்றார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவர்களைக் கூப்பிட்டு, மறைக்காமல் சொன்னார். முன்னால் விளையாட ஒரே ஒரு ஆள்தான் எடுக்கப் போகிறோம்.

குமார் நிரோஷனைப் பார்த்தான்.

"ரெண்டு பேருன்னுதான்டா என்கிட்ட சொன்னாங்க. சத்தியமா" என்றான் நிரோஷன்.

"சரி. யாருக்குக் கெடச்சாலும் நம்மாளுக்குத்தானே" என்றான் குமார். வாய் சொன்னது. மனசு மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு டீமாகப் பிரித்தார்கள். குமார், நிரோஷன், ஆஸிக் மூன்று பேரும் ஒரே பக்கம். ஆஸிக்குக் கம்பனி வேலை தேவையில்லை. வாப்பாவின் கடை இருந்தது. ஆசைக்கு வந்தவன், வலது ஓரத்தில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தான்.

முதல் பந்து குமாரிடம் வந்தபோது கோச் சிங்களத்தில் கத்தினார். நிறுத்து, பார், பிறகு கொடு. குமாருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நிறுத்தினான். நிறுத்திய காலை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் ஓடிவிடுமே! காலைப் பந்தின் மேலேயே வைத்துக்கொண்டு, கோழியை அமுக்கிப் பிடித்தவன் மாதிரி நின்றான். எதிரில் வந்தவன் ஒரு தட்டுத் தட்டி எடுத்துக்கொண்டு போனான். ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பந்து ஓடாது மச்சான், இது சமதரை" என்று ஆஸிக்கும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் குமாரின் காது சூடாகிப் போனது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, எதிர்ப் பக்கத்துக்காரன் ஒருத்தன் தன் கோலுக்கு முன்னாலிருந்து பந்தை அவசரமாக உதைத்து வெளியேற்றினான். அது தாழ்வாக, ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு குமாரைப் பார்த்து வந்தது. யாரும் சத்தம் போடவில்லை. போட நேரமும் இல்லை. கால் அதுவாகவே போயிற்று. வந்த பந்து வந்த வழியே, வந்ததைவிட இரண்டு மடங்கு வேகமாகத் திரும்பிப் போய் வலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோல் கீப்பர் கையைக்கூடத் தூக்கவில்லை.

சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். கோச் குடையை மடக்கிவிட்டுக் கிட்டே வந்து அவன் பெயரைக் கேட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். எங்கே பழகினாய் என்று கேட்டார். "தோட்டத்தில்தான் சேர்" என்றான். அவர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒழுகாத ஒரு கூரையும், அதன் கீழே தொட்டிலும், தொட்டில் பக்கத்தில் கோகிலாவும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நிரோஷன் தூரத்தில் குனிந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதற்கு அதிக நேரம் தேவையில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம், ஆஸிக் வலது ஓரத்தால் ஓடி, தலை நிமிர்த்திப் பார்த்துக் கோலுக்குக் குறுக்கே பந்தைப் போட்டான். குமார் பந்துக்குக் கிட்டே இருந்தான். ஆனால் கோலுக்குப் பக்கவாட்டாக, முன்னால் இரண்டு பேர் மறிக்க நின்றான். அடிப்பதற்கு அது இடமே இல்லை. அவனுக்கும் அது தெரியும். தொடாமல் போகவிடலாம் என்று ஒரு நினைப்பு தலைக்குள் வரத்தான் செய்தது. அந்த நேரம் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்.

"விடு!"

கால் போயிற்று.

பந்து கோல் பாருக்கு மேலே எழும்பி, மைதானத்துச் சுவரையும் தாண்டி வீதிக்குப் போயிற்று. ஒரு பஸ் ஹோன் அடித்தது. குமார் தடுமாறித் திரும்பிப் பார்த்தான். நிரோஷன் கோலுக்கு நேராக, மறிக்க ஒருத்தரும் இல்லாமல், அடிப்பதற்குத் தூக்கிய காலோடு நின்றுகொண்டிருந்தான். பந்து தொடாமல் போயிருந்தால் நேரே அவன் காலுக்குப் போயிருக்கும். கோல் கீப்பர்கூட அந்தப் பக்கம் இல்லை.

"விடுன்னேனேடா!" என்று கத்தினான் நிரோஷன்.

"அதான் விட்டேனேடா!" என்று குமாரும் கத்தினான்.

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நிரோஷனின் முகத்தில் முதலில் கோபம் இருந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல அந்தக் கோபம் வடிந்தது. இரண்டு வருட டவுன் விளையாட்டில் அந்தச் சொல் அவன் வாயில் எப்போது மாறியது என்று அவனுக்கே தெரியாது. குமாரின் காதில் அது மாறவில்லை.

கோச் விசில் ஊதி மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"பின்னால் நின்றவன் கத்தினானே, கேட்கவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கேட்டது சேர்" என்றான் குமார், அவனும் சிங்களத்தில். "விடு என்றான். விடு என்றால் கஹன்ன, அடிக்கச் சொல்வது."

கோச்சுக்குத் தமிழ் தெரியாது. ஆஸிக்கின் பக்கம் திரும்பி, விடு என்றால் என்ன என்று கேட்டார்.

"அத்தாரின்ன, சேர்" என்றான் ஆஸிக். விட்டுவிடச் சொல்வது. அவன் பொய் சொல்லவில்லை. அகராதியைப் பார்த்தாலும் அதுதான் முதலில் வரும்.

கோச் குமாரைப் பார்த்தார். தன் பாஷையே தெரியாத ஒருத்தனைப் பார்க்கிற பார்வை அது. குமாருக்கு அந்த இரண்டாவது அர்த்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கன்னத்தில் ஒன்று விடு என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொன்னாலும் அதில் விடு இருக்காதே. கோணல் மைதானத்தைப் பற்றியும் ஓடையைப் பற்றியும் சொல்லத் தொடங்கினான். ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொல்கிற மாதிரியே அது அவன் காதுக்கே கேட்டது. பாதியில் நிறுத்தி, "இவனிடம் கேளுங்கள் சேர். இவனும் எங்கள் தோட்டம்தான்" என்று நிரோஷனைக் காட்டினான்.

கோச் நிரோஷனைக் கேட்டார். உங்கள் தோட்டத்தில் விடு என்றால் என்ன?

அது ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கஹன்ன என்று சொல்லியிருந்தால் கத்தினவன் மேல் பிழை. அத்தாரின்ன என்றால் அடித்தவன் மேல் பிழை. இடம் ஒன்றுதான். நிரோஷன் தன் பூட்ஸைப் பார்த்தான். அது புது பூட்ஸ்.

"அத்தாரின்ன தமா, சேர்" என்றான். விட்டுவிடுவதுதான்.

கோச் தலையாட்டினார். காலில் வேகம் இருக்கிறது, ஆனால் கூட விளையாடுகிறவன் சொல்வதைக் கேட்காதவனை வைத்துக்கொண்டு டீம் நடத்த முடியாது என்று குமாரிடம் தன்மையாகவே சொன்னார். அந்தத் தன்மைதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் திருப்பி எதையாவது சொல்லியிருப்பான். நிரோஷனை எடுத்தார்கள்.

தெஹியோவிட்ட பஸ்ஸில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். குமார் பூட்ஸைக் கழற்றி, அடைத்திருந்த துணியை எடுத்துவிட்டு ஆஸிக்கிடம் கொடுத்தான்.

"நான் என்னத்த செல்ல மச்சான்? கேட்டத்துக்குத்தான் சென்னேன்" என்றான் ஆஸிக். உண்மையில் வருத்தப்பட்டான். பிறகு யன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனான்.

வெகுதூரம் வந்த பிறகு நிரோஷன் வாயைத் திறந்தான். "நான் பொய்யாடா சொன்னேன்?"

"பொய் சொல்லல" என்றான் குமார். "ஆனா சேர் கேட்டது வேற. கீழ் டிவிசன்ல என்னா அர்த்தம்னு கேட்டாரு."

"நான் இப்ப அங்க இல்லயேடா."

டவுனில் இறங்கி, மற்ற இரண்டு பேரும் கடைப் பக்கம் போனார்கள். குமார் தோட்டத்துப் பாதையில் நடந்தான். நிரோஷன் மேல் கொதிக்கக் கொதிக்கக் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தான். வந்தது கோபம் இல்லை, தனிமை. ஒரு பாஷை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருத்தன் போய்விட்டால், மற்றவன் யாரோடு பேசுவது?

கோகிலா வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. தேத்தண்ணியைக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் கேட்டாள். அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"கோவிச்சுக்காதீங்க. எங்க தோட்டத்துல அண்ணமாரெல்லாம் வெளையாடுவாங்க. அங்கயும் விடுன்னா விட்டுற்றதுதாங்க."

"அங்கயுமா?"

"ஆமாங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தானே?"

அந்தச் சொல் எவ்வளவு சின்ன இடத்துக்குச் சொந்தம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு சரிவு, ஒரு ஓடை, நாலு லயம். அதற்கு வெளியே எங்கே போனாலும் அவன் காலுக்குத் தெரிந்தது பிழை.

"சரி, அடுத்த வருசம் கூப்புடுவாங்கல்ல?" என்றாள். மஞ்சள் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"கூப்புடுவாங்க" என்றான் குமார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை விட்டிருந்தது. பையன்மார் வந்து கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காததால் குமார் போனான். நிரோஷன் போன பிறகு குமாருக்குப் பின்னால் நின்று சத்தம் போடுகிறவன் கன்னையா. ஸ்டோரில் ரப்பர் ஷீட் காய வைக்கிற வேலை அவனுக்கு. நிரோஷன் அளவுக்கு இல்லாவிட்டாலும் நேரம் பார்க்கத் தெரிந்தவன்.

மேட்டுப் பக்கத்திலிருந்து பந்து இறங்கி வந்தது. நல்ல பந்து. ஈரத்தில் வழுக்கி, குமாரின் வலது காலைக் கேட்டுக்கொண்டே வருகிற பந்து. முன்னால் கோல் திறந்து கிடந்தது.

"விடு!" என்றான் கன்னையா.

கால் போகவில்லை. அந்தச் சொல் முதல் தடவையாகக் காலுக்குப் போகாமல் தலைக்குப் போயிற்று. எந்த விடு என்று தலை கேட்டது. குமார் திரும்பி கன்னையாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பந்து அவன் கணுக்காலில் மெல்லப் பட்டு, திசை மாறி, சரிவில் இறங்கத் தொடங்கியது.

எல்லாரும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஓடை அன்றைய மழைக்குப் பெருகி, கரையைத் தொட்டுக்கொண்டு போனது. பந்து விழுந்து, ஒருமுறை அமுங்கி எழுந்து, நடு வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்க யாருக்கும் தைரியம் வரவில்லை. குமார்தான் கடைசியாக வந்து சேர்ந்தான்.

கன்னையா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து அவன் தோளில் கை போட்டான்.

"சரி, விடு குமாரு."

இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பந்து வளைவில் திரும்பி சீதாவக்கப் பக்கம் போய் மறைந்தது. வேறு பந்து இல்லாததால் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.